வீட்டிலேயே கடைசிக்காலக் கவனிப்பு: கடலூர், புதுச்சேரி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க. ஆசைப்படுறதைச் சாப்பிடக் குடுங்க."

2018-ல் ஒரு மருத்துவமனை நடையில் நின்றபடியே என்னிடம் இதைச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாள், ஒரு பை மாத்திரை. வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது, ராத்திரியில் வலி வந்தால் யாரைக் கேட்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டி வந்தோம். அதற்கப்புறம் ஒன்பது நாள் அம்மா தூங்கவில்லை, எங்கள் தெருவும் தூங்கவில்லை. பத்தாவது நாள் தெரிந்த ஒரு நர்ஸ் அக்கா வந்து, "மார்ஃபின் எழுதித் தரலையா?" என்று கேட்டார். அந்த வலி மருந்தின் பெயரையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்பட்டோம். அது கிடைத்த பின் அம்மா இரண்டு மாதம் இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டினாள், மருமகளோடு சண்டை போட்டாள், பேத்திக்குத் தலை வாரிவிட்டாள்.

அந்த ஒன்பது நாள் தேவையே இல்லாதது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அம்மா போன பிறகு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவரும் நர்சுகளோடு நானும் போய்வருகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில், இதற்குப் பெயர் என்ன

பாலியேட்டிவ் கேர் என்பார்கள். தமிழ்நாடு அரசின் தாள்களில் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்று இருக்கும். நோயைக் குணமாக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், பயம் இவற்றைக் குறைப்பது இதன் வேலை. கீமோ நடக்கும்போதே இதையும் சேர்த்துத் தரலாம். ஹாஸ்பிஸ் என்பது இதன் கடைசிப் பகுதி, நோயை எதிர்க்கும் மருந்துகளை நிறுத்திய பிறகு தருகிற கவனிப்பு. அதற்கென்று தனி இல்லங்களும் உண்டு, வீட்டிலும் செய்யலாம். லண்டனில் 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்மாதிரி. நமக்குப் பக்கத்தில் கேரளாவில், 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த முயற்சி ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாக்கி வீடு வீடாகப் போனது. நம் குடும்பங்களுக்கு அந்த வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். பெரும்பாலான நோயாளிகள் கேட்பது தங்கள் வீட்டை, தங்கள் கட்டிலை.

புற்றுநோய்க்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர், இதயம் பலவீனமானவர், பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவர், நினைவு தப்பிய முதியவர் எல்லோருக்கும் இது உண்டு.

படி 1: மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி முடிவு, கடைசி ஸ்கேன் மூன்றையும் கேட்டு வாங்கி இரண்டு நகல் எடுங்கள். நோயின் பெயரும் நிலையும் எழுதிய தாள் இல்லாவிட்டால் வேறு எங்கே போனாலும் மார்ஃபின் எழுதத் தயங்குவார்கள். கடைசியில் இறப்புச் சான்றுக்கும் அதே தாள்தான் உதவும்.

பிறகு டாக்டரைத் தனியாகப் பார்த்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எழுதி எடுத்துப் போங்கள், அந்த நேரத்தில் மறந்துபோகும்.

- இனி என்னென்ன தொல்லை வரலாம்? வந்தால் வீட்டில் எந்த மருந்து, எவ்வளவு?
- மாதக்கணக்கா, வாரக்கணக்கா, நாள்கணக்கா? (சரியான தேதி யாராலும் சொல்ல முடியாது. இந்த மூன்றில் எது என்று சொல்வார்கள்.)
- இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதை நிறுத்தலாம்? கொலஸ்ட்ரால் மாத்திரை, வைட்டமின் போன்றவை இனித் தேவையா?
- ராத்திரி இரண்டு மணிக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது?
- இங்கே நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? இல்லையென்றால் எங்கே எழுதித் தருவீர்கள்?

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். நாம் கேட்காவிட்டால் பல இடங்களில் அந்தப் பேச்சே வராது.

படி 2: யாரைக் கூப்பிடுவது

இங்கே ஒரு எல்லைச் சிக்கல் இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் முள்ளோடை தாண்டியதும் வேறு அரசாங்கம். ஆஸ்பத்திரிக்கு நாம் அங்கும் இங்கும் போய்வருகிறோம், திட்டங்கள் அப்படிப் போய்வருவதில்லை.

கடலூர் மாவட்டத்தில் வீடு என்றால் முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து தருவதற்கு மட்டும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. "எங்க வீட்ல படுக்கையில ஒருத்தர் இருக்காங்க, பாலியேட்டிவ் நர்ஸ் வரணும்" என்று கிராம சுகாதார செவிலியரிடமோ, உங்கள் பகுதிக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ சொல்லிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை வந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனை கடலூரிலேயே இருக்கிறது. சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு, முன்பு ராஜா முத்தையா என்று இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அண்ணாமலைநகர் மருத்துவமனை பக்கம்.

புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே சிகிச்சை எடுத்தவர் என்றால் பழைய ஓ.பி. அட்டையோடு போய், வலி மற்றும் ஆதரவு சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடலூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜிப்மர் ஊருக்கு அந்தப் பக்கம், திண்டிவனம் சாலையில். வலியோடு இருப்பவரை பஸ்ஸில் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மருந்து வாங்க மட்டும் என்றால் நோயாளி இல்லாமல் வீட்டு ஆள் தாள்களோடு வரலாமா என்று முதல் தடவையே கேட்டுவிடுங்கள்.

இல்லத்தில் சேர்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கவனிக்க ஆளே இல்லை, வயதான கணவன் மனைவி இரண்டு பேர்தான், அல்லது புண் கைமீறிப் போய்விட்டது என்றால் ஹாஸ்பிஸில் சேர்ப்பதில் ஒரு தவறும் இல்லை. "அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிட்டான்" என்று சொல்கிற யாரும் ராத்திரி வந்து உங்களுக்குப் பதிலாக முழித்திருக்கப் போவதில்லை.

படி 3: வலியை அடக்குவது

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

வலிக்குப் படிப்படியாக மருந்து உண்டு. பாராசிட்டமால், டிக்ளோஃபினாக் போன்றவை முதலில். அடங்காவிட்டால் டிராமடால். அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே இந்த ஏணியை வகுத்துவிட்டது. வலி கடுமையாக இருந்தால் நேராக மார்ஃபினுக்கே போகலாம் என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மார்ஃபின் அபினியிலிருந்து வருவது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது. நம் மண்ணில் விளைந்தும் நம் நோயாளிக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி. 2014-ல் அதைத் திருத்தி எளிதாக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைத்துத் தரலாம். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் தேடி அலையாதீர்கள். எழுதித் தரும் இடத்திலேயே வாங்குவதுதான் வழி.

வீட்டில் வரும் பயங்கள் எனக்கு மனப்பாடம்.

"பழக்கமாயிடுமே?" வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு அதற்குப் பழகுவது உண்மை, அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"இதைக் குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே?" சரியான அளவில் தந்தால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. கடைசி மூன்று நாளில் கொண்டுவந்து தருவதால்தான் மாத்திரையையும் மரணத்தையும் சேர்த்துப் பார்த்து ஊர் பயப்படுகிறது.

"இப்பவே குடுத்துட்டா, பின்னாடி வலி அதிகமானா என்ன பண்றது?" இதுதான் எங்கள் வீட்டிலும் கேட்ட கேள்வி. மார்ஃபினுக்கு 'இதற்கு மேல் வேலை செய்யாது' என்ற உச்ச அளவு கிடையாது. வலி ஏற ஏற டாக்டர் அளவை ஏற்றலாம். சேமித்து வைக்க ஒன்றும் இல்லை.

கொடுக்கும் முறைக்கு வருவோம். சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நாலு மணி நேரம் வேலை செய்யும். அதனால் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருந்தால் நாள் முழுக்க வலியைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். பெரும்பாலும் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதித் தருவார்கள். நடு இரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக 10 மணிக்கு இரட்டிப்பாகத் தரச் சொல்வதும் உண்டு. அது டாக்டர் சொன்னால் மட்டும். இடையில் வலி பீறிட்டு வந்தால் கூடுதலாக எவ்வளவு தரலாம் என்பதையும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். பன்னிரண்டு மணி நேர மாத்திரை தந்திருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும். மார்ஃபின் எழுதிய சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் திரும்பப் போய்க் கேளுங்கள். வாழைப்பழமும் சுடுதண்ணீரும் இதற்குப் போதாது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். பல நாள் வலியில் முழித்தவர் முதல் தடவை அசந்து தூங்குவதைப் பார்த்து வீட்டார் பயந்துபோவார்கள். எழுப்பினால் எழுந்து பேசுகிறாரா என்று பாருங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது என்றால் அடுத்த வேளையைத் தராமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள், அளவே மாறும்.

வலியைக் கணக்கெடுக்க ஒரு நோட்டு போடுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லச் சொல்வார்கள் ஆஸ்பத்திரியில். எங்கள் அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "ரூபாய்க்கு எத்தன பைசா வலிக்குது?" என்று கேட்டபோது சட்டென்று சொன்னாள்: "எண்பது பைசா." மூன்றாம் நாள் இருபது பைசாவுக்கு வந்தது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அளவை முடிவு செய்தார்.

மாத்திரைக்கு அடங்காத வலி ஒன்றும் இருக்கிறது. கல்யாணமாகாத மகள், தீராத கடன், பேசாமல் போன அண்ணன். சிசிலி சாண்டர்ஸ் இதையெல்லாம் சேர்த்துத்தான் 'முழு வலி' என்றார். அளவை ஏற்றிக்கொண்டே போயும் வலி குறையவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, "மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுப் பாருங்கள்.

படி 4: கட்டில், தோல், வாய், மூச்சு

ஆளைப் பின்கட்டு அறையில் போடாதீர்கள். வீட்டார் நடமாடும் கூடத்தில், ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் இருந்தால் திருப்பிப் படுக்கவைக்கச் சுலபம்.

தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித் திருப்புங்கள். இழுத்தால் தோல் உரியும். குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு, தோள்பட்டை இந்த இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. காற்றுப் படுக்கை வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்கியதும் திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள், அது கூடாது, படுக்கை இருந்தாலும் திருப்ப வேண்டும்.

புண் வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவைத்து அதில் கழுவலாம். மஞ்சள் பொடி, காபித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். புற்றுப் புண்ணில் வரும் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் நன்றாக வேலை செய்யும், மாத்திரையைப் பொடித்துத் தூவும் முறையை நர்ஸ் காட்டித் தருவார். இதைச் சொல்லக் காரணம், நாற்றத்துக்குக் கூசித்தான் பல வீடுகளில் பேரப்பிள்ளைகளைக் கிட்ட விடுவதில்லை. நாற்றம் போனால் ஆட்கள் திரும்பி வருவார்கள். ஈ மொய்க்காமல் பகலிலும் கொசுவலை கட்டுங்கள்.

வாய் காய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, துணியை நனைத்து நாக்கையும் ஈறையும் துடைத்துவிடுங்கள். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது.

மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் மட்டும்தான் மருந்து என்று நம்புகிறோம். ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்காரவையுங்கள், ஜன்னலைத் திறங்கள், சின்ன மேசை விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். கன்னத்தில் காற்றுப் பட்டாலே மூச்சு முட்டுவது தணியும். சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். குறைந்த அளவு மார்ஃபின் இதற்கும் தருவார்கள்.

படி 5: சாப்பாடு

பசி போய்விடும். நோய் உடம்பைக் கரைப்பதால் அது நடக்கிறது. நாம் ஊட்டாததால் உடம்பு இளைத்தது என்று இல்லை. இரண்டு வாய் கஞ்சி, நாலு மடக்கு இளநீர், கொஞ்சம் ரசம், ஐஸ் கட்டி, எது பிடிக்கிறதோ அது, எப்போது கேட்கிறாரோ அப்போது. எங்கள் அம்மா மீன்குழம்பு கேட்டாள். "கேன்சருக்குக் கவிச்சி ஆகாது" என்று சித்தி தடுத்தாள். முதுநகர் போய் சங்கரா வாங்கி வந்து வைத்தோம். இரண்டு விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், போதும் என்றாள். அந்த இரண்டு விரல் குழம்பு இன்றைக்கும் எனக்கு ஆறுதல்.

விழுங்க முடியாதபோது மூக்கில் குழாய் போட்டு ஊட்டுவது, கடைசி நாட்களில் குளுக்கோஸ் ஏற்றுவது இரண்டும் பெரும்பாலும் நோயாளிக்கு உதவுவதில்லை. ஏற்றிய தண்ணீர் நுரையீரலிலும் காலிலும் தேங்கி மூச்சை இன்னும் சிரமமாக்கலாம். "பட்டினி போட்டுச் சாகடிக்கிறீங்களா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அதற்கு டாக்டரையோ நர்ஸையோ விட்டு ஒரு தடவை உறவினர் முன்னால் விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடாது.

படி 6: உண்மையைச் சொல்வது

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." இந்த வாக்கியம் ஒலிக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் உடம்புக்குச் சொந்தக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? பண்ருட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், முந்திரி வியாபாரி, மகன் கடைக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்: "எனக்கு இன்னான்னு எனக்குத் தெரியும்பா. பையன் அழுவான்னுதான் கேக்காம இருக்கேன்." மகன் வாசலில் என்னிடம் சொன்னது: "அப்பாவுக்குத் தெரியாது சார், தெரிஞ்சா உடைஞ்சிடுவாரு." ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் நர்ஸ் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். இரண்டு பேரும் அழுதார்கள். அதற்கப்புறம்தான் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தோப்பு யாருக்கு என்றெல்லாம் அப்பா சொல்ல ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "உங்க உடம்பைப் பத்தி டாக்டர் சொன்னதெல்லாம் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டால் கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். "அடுத்த மாசம் எழுந்து நடப்பீங்க" என்று சொன்னால், நடக்க முடியாத அந்த அடுத்த மாதம் அவர் உங்களை நம்பமாட்டார்.

குழந்தைகளையும் ஒதுக்காதீர்கள். தாத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, குணமாகாது என்று எளிய வார்த்தையில் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

படி 7: கவனிக்கிறவரைக் கவனிப்பது

பெரும்பாலும் அது ஒரு பெண். மனைவி, மகள், மருமகள். மற்றவர்கள் ஆப்பிள் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், இவள் பெட்பேன் எடுப்பாள். இது நியாயமே இல்லை. முதல் வாரத்திலேயே அண்ணன் தம்பிகளை உட்காரவைத்து, ராத்திரி முறை போடுங்கள். வெளியூரில் இருப்பவர் பணம் தரட்டும், அந்தப் பணத்தில் வாரம் இரண்டு இரவு ஆள் வைக்கலாம். ஆண்களும் உடம்பு துடைக்கலாம், மலத்துணி அலசலாம், ஒன்றும் ஆகிவிடாது. கவனிக்கிறவருக்குத் தொடர்ந்து தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

படி 8: தாளும் பணமும்

நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்குக்கு நாமினி, காப்பீட்டுத் தாள், பட்டா, நகைச்சீட்டு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது சங்கடம்தான். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்து தவித்த வீடுகள் நிறைய.

வெண்டிலேட்டர் வேண்டாம், ஐ.சி.யு. வேண்டாம் என்று நோயாளி நினைத்தால் அதை எழுதி வைக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கினால் போதும். ஒரு நகலை டாக்டரிடமும் கொடுத்து வையுங்கள்.

மூன்று மாதத்தில் புற்றைக் கரைப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் இந்த நேரத்தில்தான் வருவார்கள். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பின்னால் இருக்கப்போகும் பிள்ளைகளுக்கு அந்த வீடு வேண்டும்.

படி 9: மழைக்காலம்

நம் கரையில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், அதை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம், இவற்றை அனுபவித்தவர்கள் நாம். அக்டோபரிலேயே குறைந்தது இரண்டு வார மருந்து கையில் இருக்கும்படி டாக்டரிடம் சொல்லி வாங்குங்கள். காற்றுப் படுக்கையும் ஆக்சிஜன் இயந்திரமும் கரண்ட் போனால் நின்றுவிடும். ஆக்சிஜன் தேவைப்படுபவருக்குச் சின்ன சிலிண்டர் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். பனையோலை விசிறி, டார்ச், பெரிய பிளாஸ்டிக் பையில் போட்ட மருந்தும் தாள்களும் கட்டிலுக்குப் பக்கத்தில். தாழ்வான பகுதி என்றால் எச்சரிக்கை வந்ததுமே உயரமான உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள், முழங்கால் தண்ணீரில் நோயாளியைத் தூக்கிப் போவது கொடுமை.

படி 10: கடைசி நாட்கள்

பெரும்பாலும் நாள் முழுக்கத் தூங்குவார். சாப்பாடு, தண்ணீர் நின்றுவிடும். சிறுநீர் குறையும். இல்லாதவர்களோடு பேசுவார், எதையோ பிடிப்பதுபோல் காற்றில் கையை அசைப்பார். கை கால் சில்லிடும், முழங்காலில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றும். மூச்சு வேகமாக வந்து, நின்று, பல வினாடி கழித்துத் திரும்ப வரும். தொண்டையில் கொரகொரவென்று சத்தம் கேட்கும். விழுங்க முடியாமல் எச்சில் தேங்குவதால் வரும் சத்தம் அது. கேட்கிற நமக்குத்தான் தாங்க முடியாது, அவர் அதை உணர்வதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், அதற்கு ஊசி மருந்தும் உண்டு. வாய் வழியாக மாத்திரை தர முடியாதபோது வலி மருந்தை எப்படித் தொடர்வது என்று நர்ஸைக் கேளுங்கள். தூங்குகிறாரே என்று வலி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்த நேரத்தில் பதறி 108-ஐக் கூப்பிடுகிறோம். ஆம்புலன்ஸில் ஏற்றி, குழாய் போட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஒருவர் கையும் படாமல் முடிந்துபோகிறது. வீட்டில்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தால் அந்த முடிவைக் கதவில் எழுதி ஒட்டும் அளவுக்கு எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கடைசி நிமிடத்தில் சென்னையிலிருந்து வந்து இறங்கும் பெரியப்பா மகன்தான் பெரும்பாலும் ஐ.சி.யு. என்பார்.

பால் ஊற்றுவது பற்றி. விழுங்க முடியாதவர் வாயில் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி அவருக்குத் திணறும். சடங்கை விட வேண்டாம். பஞ்சில் ஒரு சொட்டுப் பால் நனைத்து உதட்டில் தொடுங்கள். துளசித் தண்ணீரும் ஜம்ஜம் தண்ணீரும் இப்படியே. கிறிஸ்தவக் குடும்பங்கள் நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக் கடைசி மூச்சு வரை காத்திருந்து கூப்பிட வேண்டாம், பேசுகிற நிலையில் இருக்கும்போதே கூப்பிட்டால் அவரும் சேர்ந்து ஜெபிக்கலாம்.

காது கேட்கும் என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொத்துப் பேச்சை அந்த அறையில் பேசாதீர்கள்.

படி 11: அதன் பிறகு

மூச்சு நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, வேண்டிய மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். நோயால் வீட்டில் நிகழ்ந்த மரணத்துக்குப் போலீசோ பிரேதப் பரிசோதனையோ தேவையில்லை. கவனித்துவந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்குங்கள், வீட்டில் நிகழ்ந்த மரணத்துக்கு அது 4ஏ படிவம். மரணம் எங்கே நிகழ்ந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. கடலூர்க்காரர் ஜிப்மரில் இறந்தால் சான்று உழவர்கரை நகராட்சியில், வீட்டில் இறந்தால் இங்கே. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தியை 155377-ல் கேட்கலாம்.

மீந்த மார்ஃபினை வீட்டில் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டு வலிக்கும் தராதீர்கள். எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தங்கள் கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். காலை 6 மணிக்கு மாத்திரை கொடுக்கக் கை தானாக எழும். எனக்கு இரண்டு மாதம் அப்படி இருந்தது. நர்ஸ் அக்கா அந்த நேரத்தில் ஒருநாள் வந்து, ஒன்றும் பேசாமல் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். உங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸையும் அப்படி ஒருநாள் வரச் சொல்லுங்கள். போகும்போது காற்றுப் படுக்கையும் மீந்த பஞ்சும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள், யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.